கள்ளிப்பூச்சி வந்த வழி

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற சொந்தக்காரங்க போன் போட்டால் முன்னெல்லாம் "சாரல் உண்டா, அருவியில தண்ணி விழுதா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போ அதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ வந்து விழுந்துவிடுகிறது. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு செம்பருத்தி. குருத்து, மொட்டு, இலைக்காம்பு எல்லாத்திலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி வெள்ளை. கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பு. அதுக்கு மேல அடுப்புக்கரி பூசின மாதிரி கறுப்பு. போட்டோவுக்குக் கீழே ஒரே கேள்வி: "இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?"

நான் மருந்துப் பேர் சொல்வதில்லை. "ஒரு பூச்சியைக் குச்சியால நசுக்கிப் பாருங்க, உள்ள என்ன நிறம்னு சொல்லுங்க" என்பேன். பாதிப் பேர் அத்தோட போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். இந்த வெள்ளைப் பூச்சிக்குப் பின்னால் இருநூறு வருசத்துக்கு மேலான கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மருந்துக் கடைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு நிமிசம் நிற்பீர்கள். அப்படி நீங்கள் நிற்கிறதில் எங்க ஊர்த் தென்னந்தோப்புக்கும் ஆதாயம் உண்டு. எப்படி என்று போகப் போகச் சொல்கிறேன்.

பேரில் இருக்கிற கள்ளி

புத்தகத்தில் இதுக்குப் பேர் மாவுப்பூச்சி. தோட்டக்கலை ஆபீசர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எங்க பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது கள்ளிப்பூச்சி. கம்பம் பக்கம் திராட்சைக்காரர்களும் கள்ளிப்பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். கொய்யாவில் வந்தாலும் கள்ளிப்பூச்சி, பப்பாளியில் வந்தாலும் கள்ளிப்பூச்சி. கொய்யாவுக்கும் கள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

அதைத் தேடிப் போனால் பழைய மெட்ராஸில் போய் நிற்கும். அங்கே கம்பெனி காலத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் தோட்டம் போட்டு வெளிநாட்டுச் செடிகளை வளர்த்தவர். அந்தக் காலத்தில் துணிக்குச் சிவப்புச் சாயம் என்றால் தங்கம் மாதிரி. நல்ல சிவப்பு மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. அது ஒரு பூச்சியைக் காயவைத்து அரைத்த பொடி. சப்பாத்திக்கள்ளி மடலில் ஒட்டி வாழ்கிற பூச்சி. வெளியே வெள்ளை மாவு, நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு. அந்த வியாபாரம் முழுக்க ஸ்பெயின்காரன் கையில் இருந்தது. வெள்ளைக்காரனுக்கு அது உறுத்தல்.

1786-ல் ஆண்டர்சன் மெட்ராஸ் பக்கத்துப் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்து, இதுதான் அந்தச் சாயப்பூச்சி என்று நினைத்து லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது வேறு பூச்சி. ஆனாலும் ஆசை விடவில்லை. மெக்சிகோ பூச்சி வந்தால் சாப்பாடு வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். கள்ளியைக் காசு செலவழித்து வளர்த்த காலமும் இருந்திருக்கிறது, பாருங்க.

கடைசியில் 1795-ல் ஒரு கப்பல் காப்டன் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ துறைமுகத்திலிருந்து பூச்சி ஒட்டின கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். ஆனால் வந்தது மெக்சிகோ பூச்சி இல்லை. அதுக்குத் தூரத்துச் சொந்தமான காட்டுப் பூச்சி. அதன் சாயம் மட்டமாக இருந்தது. வியாபாரம் எடுபடவில்லை.

பூச்சி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. வட இந்தியாவில் வேலியாக வளர்ந்துகிடந்த ஒரு ஜாதிக் கள்ளியை மளமளவென்று தின்று தீர்த்துவிட்டது. இதைக் கவனித்தவர்கள், 1836-ஐ ஒட்டி அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். இந்தத் தடவை சாயத்துக்காக இல்லை, கள்ளியை ஒழிக்கத்தான். ஒரு களைச்செடியை அழிக்கிறதுக்குன்னே பூச்சியைக் கொண்டுபோய் விட்டதில், உலகத்திலேயே முதலாகச் சொல்லப்படுகிற சம்பவங்களில் இதுவும் ஒன்று.

தாத்தா காலத்துக் கள்ளி

ஆனால் நம்ம ஊரில் இருந்த கள்ளி ஒன்று இல்லை, பல ஜாதி. பிரேசில் பூச்சி ஒரு ஜாதியைத்தான் தொட்டது. இன்னொரு ஜாதி, மஞ்சள் பூ பூக்கிற, முள் பெரிதாக இருக்கிற சப்பாத்திக்கள்ளி, அதுபாட்டுக்குப் பெருகிக்கொண்டே போனது. நாகதாளி என்றும் சொல்வார்கள். வேலிக்கு என்று நட்டதுதான். ஆடு மாடு நுழையாது. ஆனால் ஒரு மடல் ஒடிந்து கீழே விழுந்தால் அது ஒரு செடி. வெட்டிப்போட்டால் பத்துச் செடி. புறம்போக்கு, மேய்ச்சல் தரை, கண்மாய்க்கரை என்று எங்கே பார்த்தாலும் கள்ளிக்காடு. உள்ளே பாம்பும் பன்றியும். விதைக்கிற நிலத்தையே அது சுருக்கிவிட்டது.

1924-ல் இலங்கைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு சாயப்பூச்சியை வரவழைத்தார்கள். அதன் பூர்வீகம் வட அமெரிக்கா. 1926-ல் அது இலங்கையிலிருந்து நம்ம பக்கம் வந்தது. அது இந்தச் சப்பாத்திக்கள்ளியைத்தான் தின்னும். அஞ்சாறு வருசத்துக்குள் மெட்ராஸ் மாகாணத்தில் கள்ளிக்காடுகள் பொத்துப் பொத்தென்று சரிந்தன.

எங்க தாத்தாவுக்கு அப்போ விவரம் தெரிஞ்ச வயசு. பூச்சி பிடிச்ச மடலை ஓலைப்பெட்டியில் போட்டுத் தலையில் சுமந்துகொண்டு போய், பூச்சி இல்லாத கள்ளி மேல் வீசிவிட்டு வருவார்களாம். "ஒரு மடலை வீசிட்டு வந்தா மூணு மாசத்துல அந்தப் பக்கமே வெளுத்துக் கெடக்கும், பெறவு அழுகி நாத்தம் எடுக்கும், பெறவு ஏர் பூட்டிருவோம்" என்பார். விவசாயி பூச்சியைத் தலையில் சுமந்து பரப்பின ஒரே காலம் அதுவாகத்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் எந்தச் செடியில் வெள்ளையாக மாவு அப்பினாலும் அவர்கள் கண்ணுக்கு அது கள்ளியில் பார்த்த பூச்சி. பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். உண்மையில் கள்ளியைத் தின்ற பூச்சி வேறு, கொய்யாவில் வருகிறது வேறு. கள்ளியில் இருப்பதை நசுக்கினால் கரும்சிவப்பாக வழியும். கள்ளியை விட்டால் அதுக்கு வேறு சாப்பாடு கிடையாது.

இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்டது இதுதான். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கள்ளி, ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பூச்சி. எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தின்னும் என்று பிரித்துப் பார்க்காதவரைக்கும் தொண்ணூறு வருசம் வேலை நடக்கவில்லை. பிரித்துப் பார்த்த பிறகு அஞ்சாறு வருசத்தில் முடிந்துவிட்டது.

செடி வந்தால் பூச்சியும் வரும்

குற்றாலத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நீங்கள் சீசனுக்கு வந்தால் ரோட்டோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று குவித்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஜாதிக்காயும் கிராம்பும் காட்டி "குற்றாலம் மலைச் சரக்கு" என்பார். இதில் ஒண்ணுகூட நம்ம மலையில் தானாக முளைத்தது இல்லை. 1796-ல் கம்பெனிக்காரன் டச்சுக்காரனிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைப் பிடித்தான். ஜாதிக்காய், கிராம்புக்குப் பேர்போன தீவுகள். அங்கேயிருந்து கன்றுகள் கப்பல் கப்பலாகக் கிளம்பின. சாரலும் நிழலும் இருக்கிற இடம் பார்த்து, 1800-ஐ ஒட்டிய வருசங்களில் குற்றாலத்திலும் கம்பெனி வாசனைத் தோட்டம் போட்டது. பழத்தோட்ட அருவி என்று ஒரு அருவிக்குப் பேரே இருக்கிறது. இன்னைக்கும் அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை அங்கே இருக்கிறது. எங்க ஊர் மண்ணுக்கு மட்டும் இல்லை, உங்கள் தொட்டிச் செடிகளில் பாதிக்கும் இதே கதைதான். காகிதப்பூவும் பப்பாளியும் அமெரிக்காக் கண்டத்துச் செடிகள்.

செடி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அதை உறிஞ்சுகிற பூச்சி இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். ஆனால் அந்தப் பூச்சியைத் தின்கிற எதிரி பெரும்பாலும் கூடப் போகாது. வந்த இடத்தில் கேட்பார் இல்லை. அதுதான் பூச்சி இப்படிப் பெருகுவதுக்கு மூல காரணம். உங்கள் உரத்திலோ தண்ணியிலோ மட்டும் குறை இல்லை.

இதை முதலில் நல்லா உணர்ந்தவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைச் செதில்பூச்சி அவர்கள் தோட்டங்களை மொட்டை அடித்தது. 1888-ல் ஆல்பர்ட் கோபெலே என்பவரை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பி, அங்கே அந்தப் பூச்சியைத் தின்கிற சின்னச் சிவப்புப் பொறிவண்டைப் பிடித்துவரச் சொன்னார்கள். ரெண்டே வருசத்தில் தோட்டங்கள் தப்பித்தன. அதே செதில்பூச்சி 1928-ல் நம்ம நீலகிரியில் சவுக்கு மாதிரி வளர்த்த வாட்டில் மரத்தில் தலைகாட்டியது. 1929-லேயே அதே பொறிவண்டை வரவழைத்து விட்டார்கள். அப்போ கோயம்புத்தூரில் டி.வி. ராமகிருஷ்ண அய்யர் போன்ற பூச்சி ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். அவர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி 1940-ல் பெரிய கையேடே போட்டார்.

அதுக்கும் முன்னால், 1898-ல், காப்பித் தோட்டத்துப் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்தது. கிரிப்டோலேமஸ் என்று பேர். தலைப்பக்கம் காவி நிறம், முதுகு கறுப்பு. கொண்டுவந்த வேலையை அது சரியாகச் செய்யவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைக் கண்டால் விடாது. இங்கேயே தங்கிவிட்டது. இந்த வண்டைப் பற்றி பின்னால் ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது, மறக்காதீர்கள்.

ஒருவழிப் பாதை என்று நினைக்க வேண்டாம். நம்ம ஆசியாப் பக்கத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிற இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி 1994-ல் கரீபியன் கடலில் கிரெனடா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வேலி செம்பருத்தியெல்லாம் சுருண்டு செத்தது. நம்ம வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்த பூச்சி, எதிரி இல்லாத ஊரில் ராட்சசன் ஆகிவிட்டது.

பப்பாளி வருசம்

இனி சொல்கிறது நானே பார்த்தது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்திருக்கிறது என்று பேப்பரில் போட்டார்கள். பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. அங்கேயிருந்து கரீபியன் தீவுகள், புளோரிடா, பசிபிக் தீவுகள், இலங்கை என்று உலகம் சுற்றி வந்தது. அடுத்த வருசம் எங்க பக்கமும் வந்துவிட்டது. அப்போ தென்காசி தனி மாவட்டம் இல்லை, நாங்கள் திருநெல்வேலி மாவட்டம்.

பப்பாளிக் காயைப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அதோடு நின்றதா? இல்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, கத்தரி, செம்பருத்தி, காட்டாமணக்கு, ரோட்டோரம் கிடக்கிற பார்த்தீனியம் வரைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட செடிகளில் அது வாழும். கொங்குப் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தவர்கள் செடியையே பிடுங்கிப் போட்டார்கள். மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்கிற புழு செத்துப்போகும். என்ன செய்வார்கள்?

எங்க ஊரில் எல்லாரும் மருந்து அடித்தார்கள். ஒரு மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் அடுத்தது. கடையில் எதைக் கொடுத்தாலும் அதை அடித்தார்கள். ஒரு வாரம் குறைகிற மாதிரி இருக்கும், ரெண்டாம் வாரம் முன்னைவிட அதிகமாக வரும். அந்த வெள்ளை மாவு மெழுகு. மருந்துத் தண்ணி அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். முட்டையெல்லாம் பஞ்சுப் பொதிக்குள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சியைத் தின்ன வருகிற பொறிவண்டுக்கும் குளவிக்கும் இப்படிப்பட்ட மெழுகுச் சட்டை கிடையாது. மருந்தில் முதலில் சாகிறது அவைதான்.

2010-ல் பெங்களூரில் இருக்கிற மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் நிறுவனம் அமெரிக்க வேளாண் துறை உதவியோடு போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அவற்றை விடும் வேலையை ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் டப்பியில் வந்தது. விவசாயிகளுக்கு இலவசம்.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். அசெரோபேகஸ் என்று பேர் வைத்த அந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. டப்பியைத் திறந்தபோது பக்கத்தில் நின்ற பெரியப்பா, "இந்தத் தூசியையா கொண்டுவந்திருக்கான்" என்று சிரித்தார். அந்தத் தூசி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே புழு வளர்ந்து பூச்சியைத் தின்றுவிட்டு, கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். மாவுப்பூச்சி காய்ந்து காப்பிக்கொட்டை நிறத்தில் கூடாகக் கிடக்கும். சில மாசத்தில் வெள்ளை குறைந்தது. அடுத்த வருசம் பப்பாளியைப் பழையபடி பார்த்தோம். அந்தக் குளவி இப்போ எங்கேயும் இருக்கிறது. உங்கள் மொட்டைமாடிக்கும் அது வரும், விட்டால்.

இதே மாதிரி 2020-ல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்து, சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளைச் சுருட்டியது. ஆப்பிரிக்காவில் பல கோடிப் பேர் சாப்பாட்டைக் காப்பாற்றின குளவியை அங்கே பெனின் நாட்டிலிருந்து வாங்கிவந்து 2022-ல் விட்டார்கள். வரிசையாகப் பாருங்கள். 1836, 1926, 1929, 2010, 2022. பூச்சி பேர் மாறுகிறது, வைத்தியம் மாறவில்லை.

தென்னைக்கு வந்தது

2016-ல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னையில் ஒரு வெள்ளை ஈ கண்டுபிடித்தார்கள். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இதுவும் மத்திய அமெரிக்கா. ஓலைக்கடியில் சுருள் சுருளாக முட்டை வைக்கும். சாறை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரிப் பிசினைக் கீழே சொட்டும். அந்தப் பிசின் மேல் கரும்பூசணம் படரும். தோப்புக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓலை வெள்ளை, குனிந்து பார்த்தால் ஊடுபயிர் கறுப்பு. எங்க பக்கமும் வந்து சேர்ந்தது. கேரளாவிலிருந்து புளியரை வழியாக எத்தனையோ லாரி கன்றும் அலங்காரச் செடியும் வருகிறது. பூச்சிக்குக் கால் வலிக்காது.

மரம் இதனால் சாவதில்லை. ஆனால் பச்சை குறைந்த ஓலை காய்க்கு என்ன கொடுக்கும்? தென்னையை நம்பித்தான் பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் என்று இருக்கிறவர்களுக்குக் கையில் மருந்து டேங்க் இருந்தால் சும்மா இருக்க மனசு வராது. வேளாண்மைத் துறையிலிருந்து வந்த ஆபீசர் "அடிக்காதீங்க" என்று சொன்னபோது கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "சார், வீடு தீப்பிடிக்கும்போது தண்ணி ஊத்தாதேன்னு சொல்லுதீகளே" என்று கேட்டார். ஆபீசர் கோபப்படவில்லை. ஓலை ஒண்ணை வெட்டி எடுத்துவந்து பூதக்கண்ணாடியில் காட்டினார். வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்களில் சிலது கறுத்துப்போய் இருந்தது. "இதுக்குள்ள குளவி இருக்கு அண்ணாச்சி. நீங்க அடிச்சா இதுவும் செத்துரும்" என்றார்.

அந்தக் குளவியின் பேர் என்கார்சியா. 1990-களில் இன்னொரு சுருள் வெள்ளை ஈ கேரளா மரவள்ளியில் தொடங்கித் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. அதன் பின்னாலேயே, யாரும் டப்பியில் கொண்டுவராமல், தானாக வந்து சேர்ந்தது இந்தக் குளவி. இருபது வருசம் கழித்து அதன் சொந்தக்காரப் பூச்சி தென்னைக்கு வந்தபோது இங்கே தயாராக இருந்தது. மருந்து அடிக்காத தோப்புகளில் அது பெருகும். கூட, மஞ்சள் நிறப் பிசின் அட்டை கட்டுகிறோம். மோட்டார் வைத்துத் தண்ணியைப் பீய்ச்சி ஓலையைக் கழுவுகிறோம். கரும்பூசணத்துக்கு மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் தெளித்தால் காய்ந்து பொருக்காகக் கறுப்போடு உதிர்ந்துவிடும். பூச்சி முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. வெயில் காலத்தில் ஏறும், சாரல் பிடித்தால் இறங்கும். ஆனால் தோப்பு நிற்கிறது.

இந்த வெள்ளை ஈ தென்னையோடு நிற்காது. கொய்யா, வாழை, செம்பருத்தி, வீட்டுக்கு முன்னால் வைக்கிற அழகுப் பனைகள் எல்லாத்திலும் இருக்கும். குளவிக்கு வேலி கிடையாது. டவுனில் ஒரு தெருவில் எல்லாரும் வாராவாரம் மருந்து அடித்தால் அந்தத் தெருவைத் தாண்டி இருக்கிற தோப்புக்கு வர வேண்டிய குளவியும் குறைந்துபோகும். தென்காசியில் வீடுகளுக்கு நடுவிலேயே தோப்பு இருக்கிறது. முதலில் சொன்ன ஆதாயம் இதுதான்.

இப்போ உங்கள் தொட்டிக்கு வருவோம்

முதல் வேலை, நசுக்கிப் பார்க்கிறது. செம்பருத்தியில் மஞ்சளாக வந்தால் அநேகமாகப் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக வந்து, குருத்து முடிச்சுப் போட்ட மாதிரி சுருண்டிருந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. தட்டினால் வெள்ளைத் தூசியாகப் பறந்தால் வெள்ளை ஈ.

இரண்டாவது, பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். காப்பி நிறத்தில் ஓட்டை விழுந்த கூடு தெரிந்தால் குளவி வந்தாச்சு, நீங்கள் ஒண்ணும் செய்ய வேண்டாம். மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாக, ஆனால் மூணு நாலு மடங்கு பெரிசாக, உடம்பெல்லாம் நூல் நூலாகத் தொங்க, விறுவிறுவென்று நடக்கிற ஒண்ணு இருந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அதுதான் 1898-ல் வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. "மாவுப்பூச்சிக்கெல்லாம் பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்துப் பலர் முதலில் கொல்கிறது இதைத்தான்.

மூன்றாவது, எறும்பு. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிற்கும். குளவியையும் வண்டையும் கிட்ட விடாது. எறும்புப் புற்றைத் தொட்டிக்குள்ளேயோ சுவர் ஓரத்திலோ கண்டுபிடித்துக் கலையுங்கள். தொட்டியைத் தண்ணித் தட்டுக்கு நடுவில் செங்கல் வைத்து அதன் மேல் நிறுத்தினாலும் எறும்பு ஏறாது. தட்டுத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளரும்.

நான்காவது, ரொம்ப அப்பின குருத்தை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். கீழே போட்டால் அது அடுத்த தொட்டிக்கு நடந்துபோகும். மீதியைக் குழாய்த் தண்ணியால் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். அதுக்கும் மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து, சாயங்கால வெயிலில், பூச்சி இருக்கிற இடத்தில் மட்டும் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூணு வாரம்.

புல்தரை வைத்திருக்கிறவர்களும் கேட்கிறார்கள், அங்கங்கே வட்டம் வட்டமாகப் பழுக்கிறதே என்று. அங்கேயும் முதலில் பார்க்கிறதுதான் வேலை. பழுத்த இடத்தில் புல்லைப் பிடித்து இழுங்கள். பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தால் வேர் இல்லை என்று அர்த்தம். ஒரு சாண் தோண்டினால் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு வண்டுப்புழு கிடக்கும். பொறுக்கிப் போடுங்கள், மைனா பார்த்துக்கொள்ளும். புழு இல்லாமல் வேர் அழுகியிருந்தால் தண்ணி கூடிப்போச்சு. அதுக்குப் போய்ப் பூச்சிமருந்து அடித்து என்ன பிரயோசனம்?

கடைசியாக, செடி வாங்குகிற விசயம். சீசனில் குற்றாலம், தென்காசி ரோட்டோரங்களில் கன்று விற்கிறார்கள். வாங்குங்கள், விற்கிறவரும் நம்ம ஆள்தான். ஆனால் காரில் ஏற்றுவதுக்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள், குருத்தை விரித்துப் பாருங்கள், தண்டும் மண்ணும் சேருகிற இடத்தைப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பதினைந்து நாள் மற்றத் தொட்டிகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். வெளிநாட்டுக்குப் போய் வருகிறவர்கள் "ஒரு குச்சிதானே" என்று பெட்டிக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவராதீர்கள். மெக்சிகோவிலிருந்து கோயம்புத்தூருக்குப் பூச்சி எந்த ஊர் எந்த ஊராக வந்தது என்று மேலே பார்த்தீர்களே, அது நடந்து வரவில்லை. யாரோ ஒருத்தர் ஆசையாகச் சுமந்த செடியில்தான் ஏறி வந்தது. அடுத்த பூச்சி இப்போ எந்த ஊர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறதோ. அது இங்கே வந்து சேர்ந்தால், அதன் எதிரியைத் தேடிப் பிடித்து, சோதித்து, வளர்த்து, டப்பியில் அடைத்து எங்கள் கைக்குக் கொடுக்க ரெண்டு மூணு வருசம் ஆகும். பப்பாளிக்கு ரெண்டு வருசம் ஆனது. அந்த ரெண்டு வருசமும் எங்களுக்குத்தான் நட்டம்.